கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு கவுளி

அந்தப் பல்லிக்குக் குரல் கொடுத்தவன் நான்தான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து மூன்று முறை பிரித்தால் வரும் சத்தம். எதிரொலி விழக்கூடாது என்பதால் விடுதி அலமாரியில் தொங்கிய சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பதிவு செய்தேன். பொறியியல் படித்து முடித்த பிறகு நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. அதற்கு முன்பு கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் முதல்வரைப் பற்றி நான்கு வரி எழுதி, ஒரு மாதம் வெளியே நின்றதுதான் என் அனுபவம்.

ஊசிமலைப் பள்ளத்தாக்கில் வாகனமே ஓடாத இருபத்திரண்டு கிலோமீட்டர் சரளைச் சாலை இருக்கிறது. தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் நகரத்து ஆட்கள் வந்து, மலை ஏறி இறங்கி, மண்ணோடு மண்ணாகிவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகம் போவார்கள். சாலையை நடத்தும் நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரே வரி: 'உங்கள் வழியில் யாரும் இல்லை.'

முதலில் ஊர்க்காரர்களின் மொபெட்டுகள் போயின. பதிலுக்கு வீடுகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. அவசரத்துக்கு ஒரு வேன் உண்டு. கூப்பிட்ட ஆறாவது நிமிடத்தில் வரும். அதில் குறை கண்டுபிடிக்க நானும் முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

அப்புறம்தான் புகார்கள் வரத் தொடங்கின. ஒன்று எனக்கு மனப்பாடம்: 'மூன்றாவது கிலோமீட்டரில் ஒருவர் குடையுடன் நின்று எங்களைப் பார்த்தார்.' அன்றிலிருந்து மனிதர்களும் போக்குவரத்து ஆனார்கள். 'மனித நடமாட்ட உதவியாளர்' என்ற பதவி உருவானது. அதில் நான் உட்கார்ந்தேன்.

வெற்றுவழி என்று ஒரு கணிப்பு இயந்திரம். யார் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள், எந்த நிமிடம் எந்த வளைவில் இருப்பார்கள் என்று அது கணக்குப் போடும். சாலையோரம் கண்காணிப்புக் கம்பம் நடலாமா என்று கேட்டதற்கு, கம்பம் தெரிந்தால் இயற்கை போய்விடும் என்றார்கள் பயணிகள். சைக்கிளில் முன்னால் பார்க்கும் கருவி வைக்கலாமா என்றால், எடை நூற்றிருபது கிராம் கூடும் என்றார்கள். ஆகவே வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் இலவசமாகக் கொடுத்தோம். வாசலைப் பார்த்து மாட்டவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கு ஒரு கண், ஒரு காது, ஒரு வாய். ஒருவர் தன் கடிகாரத்தை வாரச் சந்தையில் விற்றுவிட்ட பிறகு, கடிகாரம் எங்கே போனாலும் தன் இடத்தைச் சொல்லும் வசதியும் சேர்ந்தது.

சைக்கிள் கூட்டம் வரும்போது ஊர்க்காரர்களை எட்டு நிமிடம் வீட்டில் நிறுத்தவேண்டும். முதலில் வாசலில் சிவப்பு விளக்கு போட்டோம். "எங்க ஊட்டு வாசல்ல உன்ற லைட்டு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அதில் துண்டைக் காயப்போட்டார்கள்.

இதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் மேலாளர் அஸ்வத் சார் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். "இவங்க யார் சொன்னா கேப்பாங்க?"

"பல்லி சொன்னா கேப்பாங்க சார். கிளம்பறப்போ கவுளி சொல்லிட்டா திரும்பி வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் போவாங்க. சரியா எட்டு நிமிஷம் ஆகும்."

கிண்டலாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அஸ்வத் சாரின் பென்சில் நின்றது.

"அதை நடைமுறைப்படுத்த எத்தனை நாள் ஆகும்?"

நான்கு நாள் ஆனது.

மூன்று வருடம் பல்லி பிரமாதமாக வேலை செய்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் வெற்றுவழிக்குப் பல்லிமேல் ஊர்க்காரர்களைவிட நம்பிக்கை வந்துவிட்டது. சத்தம் போட்ட மறுநொடி அந்த வீட்டு ஆள் வீட்டிலேயே இருப்பதாகக் குறித்துக்கொள்ளும். சரிபார்ப்பதில்லை.

இந்த நம்பிக்கையின் மேல்தான் 'கண்கட்டு இறக்கம்' தொடங்கப்பட்டது. கண்ணில் கறுப்புத் துணி. காதில் பதிவு செய்யப்பட்ட ஓடைச் சத்தம், பக்கத்திலேயே நிஜ ஓடை ஓடினாலும். கைப்பிடியையும் பிரேக்கையும் வெற்றுவழி பார்த்துக்கொள்ளும். பயணி தன்னை மறந்து மூன்று கிலோமீட்டர் மலையிலிருந்து இறங்குவார். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரில் தன்னை மறப்பது சுலபம் என்றார்கள்.

நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், கலாமணியக்காவைச் சந்திக்கும்வரை.

அவர் எனக்கு முப்பத்தோராம் எண் வீடு. கணவர் திருப்பூரில் வேலை. வீட்டில் அவரும் மாமனார் சென்னியப்பனும். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் என் முன்னால் நின்றபடி ஏதோ பொது அறிவுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். என்ன பரீட்சை என்று கேட்டேன்.

"அரசுத் தேர்வு தம்பி. போன வருசமே எழுதியிருக்கோணும். கெளம்பற நேரம் பாத்து மூணு தடவை கவுளி சொல்லிப்போடுச்சு. மூணு தடவை சொன்னா எங்க மாமா ஆனைய உட்டு இழுத்தாலும் நகர மாட்டாரு. பஸ்ஸு போயிருச்சு." புத்தகத்தை மூடினார். "இந்த வருசத்தோட வயசு முடியுது. இதான் கடைசி."

அறைக்குத் திரும்பி அந்த நாளின் பதிவைத் தேடினேன். வீடு 31. 6.10, தடை வெற்றி. 6.19, தடை வெற்றி. 6.28, தடை வெற்றி. பயணம் கைவிடப்பட்டது. நான்கு வரிக்குப் பக்கத்திலும் பச்சை நிறத்தில் சரி என்ற குறி. அந்த மாதம் எனக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இந்த வருடத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை அட்டவணையில் 6.20க்குப் பத்தொன்பது பேருடைய கண்கட்டு இறக்கம் இருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'வீடு 31, தடை, 6.10.'

ஆறு மணிக்கு அலுவலகச் சைக்கிளில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கலாமணியக்கா பையை மாட்டிக்கொண்டு, நுழைவுச்சீட்டை மூன்றாவது முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மேலே, சாலையின் நுழைவுக் கேட்டுக்கு வெளியே, ஏழு மணிக்கு வரும்; வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அவருடைய பழைய சைக்கிள் வாசலில் தயாராக நின்றது. அவர் நிலைப்படியில் கால் வைத்தார்.

ட்ச் ட்ச் ட்ச்.

என் நாக்கு. என் சொந்த நாக்கு, சுவரில்.

"உக்காரு அம்மிணி," என்றார் சென்னியப்பன். குரலில் கோபமே இல்லை, அவருக்கும் வருத்தம்தான். "தண்ணி குடி. பஸ்ஸு இருக்குது."

"போன வருசமும் இதத்தானுங்க மாமா சொன்னீங்க."

"கவுளி சொல்லுதே கண்ணு, நான் என்ன பண்றது?"

"அக்கா," என்றேன், "அது கவுளி இல்லைங்க. அது நான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கினால் நேரமாகும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து மூன்று முறை பிரித்தேன். ட்ச் ட்ச் ட்ச். சுவரிலிருந்து வந்ததற்கும் என் வாயிலிருந்து வந்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. பிறகு, கடிகாரம், சைக்கிள்காரர்கள், எட்டு நிமிடம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"மூணு வருசமா எங்க ஊட்டுல சொன்னது உங்க நாக்குங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"போன வருசம் சொன்னது?"

"அதும்தானுங்க."

அவர் அறையவில்லை. நான் இடது கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன், வீணாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றினார். அதற்குப் பின்னாலிருந்து நிஜப் பல்லி ஒன்று ஓடி உத்தரத்தில் ஒளிந்துகொண்டது. அது வாயே திறக்கவில்லை.

"இந்தாங்க, உங்க சாமான்." கடிகாரத்தை என் கையில் திணித்தார். நாளை யாரும் இல்லையென்று சொல்லிவிடக்கூடாதே, சாட்சி வேண்டுமே என்ற புத்திசாலித்தனத்தில் அதைப் பத்திரமாக முதுகுப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

சென்னியப்பன் மட்டும் அசையவில்லை. "உன்ற நாக்குல வந்து ஆரு சொன்னதுன்னு உனக்கென்ன தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"மாமா, நான் போறனுங்க," என்றார் கலாமணியக்கா. "இனி கவுளி சொன்னாலும் நிக்க மாட்டேன். பூனை குறுக்க போனாலும் நிக்க மாட்டேன். ஆரு பின்னால கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

சைக்கிள் செயின் கடகடத்துப் போனது. ஒரு மனிதரை மூடநம்பிக்கையிலிருந்து விடுவித்த களைப்பில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரியவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"குடி. குடிச்சுப்போட்டு மெதுவாப் போ. கவுளி எதுக்குச் சொல்லுதுன்னு நெனைக்கற? வழியில ஏதோ வருதுன்னுதான் சொல்லும்."

சொம்பு என் உதட்டருகே நின்றது.

பத்தொன்பது பேர். கண்ணில் துணி. இப்போது மணி 6.17. வெற்றுவழியின் கணக்கில் பல்லி சொல்லியாயிற்று, கலாமணி வீட்டில் இருக்கிறார். அது பொய்யென்று அதற்குக் காட்டக்கூடிய ஒரே கண் என் பையின் இருட்டில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

சைக்கிளில் தாவி ஏறிய வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. அலுவலகச் சைக்கிளுக்குப் பதினோரு கியர்; நான் இரண்டைத்தான் அறிவேன். ஏற்றத்தில் தொடை எரிந்தது. சரளை பின்சக்கரத்தின் கீழே நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையில் போனை எடுத்து அஸ்வத் சாரை அழைத்தேன்.

"சார், இறக்கத்தை நிறுத்துங்க! ரோட்டுல ஆள் இருக்காங்க!"

"இல்லையே," என்றார். திரையைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "ரோடு காலி. பேட்ச் 6.20க்குக் கிளம்பியாச்சு."

"கலாமணியக்கா போய்ட்டிருக்காங்க சார், கொக்கி வளைவுப் பக்கம்!"

"வீடு 31 தானே? வீட்டுல இருக்காங்க. 6.10க்கு உக்காந்தாச்சு."

"கிளம்பிப் போனதை நான் கண்ணால பாத்தேன் சார்!"

"பரணி, நீ மனுஷன். தப்பாப் பாப்பே. சிஸ்டம் தொண்ணூத்தெட்டு சதவீதம்."

"கையால பிரேக் போடச் சொல்லுங்க சார்!"

"காதுல ஓடைச் சத்தம் ஓடுதுப்பா. யாரும் தொந்தரவு பண்ண முடியாதுங்கறதுதான் அதோட சிறப்பே."

போனைச் சட்டைப் பையில் திணித்தேன். அடுத்த திருப்பத்தில் நாற்பதடி முன்னால் அவர் முதுகு தெரிந்தது. பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கொக்கி வளைவு: ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், அந்தப்புறம் வருவது இந்தப்புறம் தெரியாது.

"அக்கா! நில்லுங்க! நில்லுங்கக்கா!"

அவர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

"பின்னால கூப்பிட்டா நிக்க மாட்டேன்னு இப்பத்தான தம்பி சொன்னேன்!"

இன்னும் வேகமாக மிதித்தார். என் பேச்சை முழுமையாகக் கேட்டு நடந்த முதல் மனிதர் அவர்தான்.

"சைக்கிள்காரங்க வர்றாங்கக்கா!" என்று கத்தினேன். மூச்சில் பாதி எழுத்து கரைந்துபோனது. மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பெருமழை தகரக் கூரையில் தொலைவில் விழுவதுபோல. முப்பத்தெட்டு டயர்கள் சரளையில்.

அப்போதுதான் பை முதுகில் இடித்தது. கடிகாரம்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஓடியபடியே ஜிப்பை இழுத்து, கடிகாரத்தை உருவி, நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கண் முன்னால் இருக்கவேண்டும். அதற்கு வெளிச்சம் பழகவேண்டும். பிறகு தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பிறகு எதிரே இருப்பது யாரென்று பார்க்கவேண்டும். சோதனைக்கூடத்தில் இதற்கெல்லாம் சேர்த்துப் பதினோரு நொடி ஆனது, நான்தான் அளந்தேன். 'போதுமான வேகம்' என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான்.

ஒன்று, இரண்டு. ஒரு செருப்புக் கால், ஒரு வெறுங்கால். நான்கு. கல் குத்தியது. ஆறு. மழைச் சத்தம் பாறைக்கு அந்தப்புறம் வந்துவிட்டது. முகம் தெரியவேண்டுமே என்று ஒரு பயம் எழுந்து உடனே அடங்கியது. இந்தக் கடிகாரம் மூன்று வருடமாக அவர் முகத்தையா பார்த்தது? வாசலைப் பார்த்து மாட்டிய கடிகாரம். வெளியே போகும் முதுகைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முதுகை அதைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஒன்பது. அவர் வளைவில் நுழைந்தார். பத்து.

என் நெஞ்சின் மேல் கடிகாரம் வாயைத் திறந்தது.

ட்ச் ட்ச் ட்ச்.

வீடு 31, கொக்கி வளைவில், வெளியே கிளம்புகிறார். கண்டுகொண்டது. பழக்கதோஷத்தில் தடையும் சொல்லிவிட்டது.

"சொல்லட்டும்!" என்று கத்தினார் கலாமணியக்கா, திரும்பாமலே.

பாறைக்கு அந்தப்புறம் பத்தொன்பது பிரேக்குகள் ஒரே நொடியில் கவ்வின. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது. புழுதி வளைவைத் தாண்டி வந்து என் வாயில் நுழைந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்க சைக்கிள்களும் ஆட்களும் சிதறிக் கிடந்தார்கள். மூன்று பேர் உண்ணிச்செடிப் புதருக்குள். ஒருவர் துணியைக் கழற்றாமலே, இதுவும் தியானத்தின் பகுதிதானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கலாமணியக்கா முதல் சைக்கிளுக்கு ஒரு முழ தூரத்தில் ஒற்றைக் கால் ஊன்றி நின்றார். முகம் வெளுத்திருந்தது. அந்தப் பத்தொன்பது கண்கட்டுகளையும், என் நெஞ்சில் இருந்த கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது தெரிந்தது.

பிறகு மணியடித்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க. பரீட்சைக்கு நேரமாச்சு."

விழுந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, யார் கையையும் மிதிக்காமல், மேலே போனார்.

வேன் ஆறாவது நிமிடத்தில் வந்தது. மணிக்கட்டு பிசகிய ஒரு பெண்மணியைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். கோயம்புத்தூரில் கண் மருத்துவராம். கறுப்புத் துணி இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது.

"காலையில என் வாட்ச் சொல்லுச்சு," என்று முனகினார். "உடம்பு களைச்சிருக்கு, இன்னிக்கு ஓய்வு எடுன்னு. நான்தான் கேக்கல. அது சொன்னாக் கேக்கணும்."

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது அஸ்வத் சாரிடம் அந்த வாட்ச் பற்றிக் கேட்டேன். பயணிகளுக்கெல்லாம் நாங்கள் கொடுத்த கைக்கடிகாரம்தான் அது.

"ஒரே நாள்ல அறுபது பேர் வந்தா அது எப்படிப்பா வெறும் சாலை?" என்றார். "அதான் காலையில நாப்பது பேரை ஓய்வெடுக்கச் சொல்லுவோம். நல்லாத் தூங்கறாங்க. யாருக்கு நஷ்டம்?"

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஊர்க்காரங்களுக்குப் பல்லி. அவங்களுக்குப் புள்ளிவிவரம்." பென்சிலை எடுத்து உருட்டத் தொடங்கினார். "அவங்கவங்க நம்பறதுதானே சொல்லும்."

கலாமணியக்கா தேர்வு எழுதிவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் பல்லிச் சத்தம் பற்றி அவர் கொடுத்த மனுவுக்கு விசாரணை வந்துவிட்டது: புதன்கிழமை, காலை பத்து மணி, வட்டாட்சியர் அலுவலகம். பல்லி என்பது பல்லிதான் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அது யாருடைய நாக்கு என்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

புதன் காலை எட்டரைக்கு, சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் கால் வைத்தேன். மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது.

'நேற்று உங்கள் உறக்கம் போதவில்லை. இதயத் துடிப்பு சற்று அதிகம். இன்று வெளியே செல்வதைத் தவிர்க்கலாமே.'

உண்மைதான், சரியாகத் தூங்கவில்லை. இதயமும் அடித்துக்கொண்டது. விசாரணையை ஒருநாள் தள்ளி வைக்கமாட்டார்களா என்று யோசித்தேன். பல்லிக்கெல்லாம் உட்காருகிற ஆள் இல்லை நான்.

போன் அடித்தது. கலாமணியக்கா.

"தம்பி, தாலுக்கா ஆபீசு வாசல்ல நிக்கறேன். மாமாவும் வந்திருக்காரு. கெளம்பிட்டீங்களா, இல்ல அங்கயும் ஏதாச்சும் கவுளி சொல்லிப்போடுச்சுங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கையில் தண்ணீர்த் தம்ளர். ஒரு வாய் குடித்தும் இருந்தேன். மணி எட்டு முப்பத்தெட்டு.

மணிக்கட்டைப் பார்த்தேன். வேலையை விட்ட அன்று அடையாள அட்டை, சாவி, சைக்கிள், எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நிறுவனம் கொடுத்த இந்தக் கைக்கடிகாரத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வாரை அவிழ்த்துத் தம்ளருக்குள் போட்டேன்.

"சொல்லிருச்சுங்கக்கா," என்றேன். "அதான் கெளம்பிட்டேன்."